லுகானோவில் ஒரு போத்தல் கடல்

அந்தக் குறுஞ்செய்தியை நான் என் கணவரிடம் காட்டியிருக்க வேண்டுமா? வீடு திரும்பி இத்தனை நாளாகியும் விடை தெரியவில்லை. காட்டியிருந்தால் நாங்கள் மூவரும் கடல் பார்த்திருப்போம். அல்லது அவர் அந்த ரயிலிலேயே உடைந்து போயிருப்பார். எது நடந்திருக்கும் என்று பிள்ளைக்குத் தலை பின்னும்போதும் யோசிக்கிறேன், இடியப்பத்துக்கு மாக் குழைக்கும்போதும் யோசிக்கிறேன்.

இத்தாலிக் கடற்கரைக்குப் போகும் திட்டம் முழுக்க என்னுடையது. சென்ற கார்த்திகையில் எங்கள் இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஐந்தாம் மாதத்திலேயே இல்லாமல் போனான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, ஆறு வயது இனியா என் கட்டிலருகே வந்து நின்றாள். தம்பி எங்கே என்று கேட்கவில்லை. அதைக் காரில் வரும்போதே அவளுடைய அப்பா சொல்லிவிட்டார். அவள் பேசாமல் நின்றது எனக்குத் தாங்கவில்லை. “கோடை லீவுக்குக் கடலுக்குப் போவம், என்ன?” என்றேன். ஏன் கடல் என்று எனக்கே தெரியாது. அவள் கடலைக் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கோ நீந்தத் தெரியாது.

பனிக்காலம் முழுவதும் மாலை வேளைகளில் இத்தாலியின் லிகுரியக் கரை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கரையில் ஆழம் குறைவு, காவலாளர் எத்தனை மணிவரை நிற்பார், பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று ஒரு கொப்பியில் எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “நீர் லீவுக்குப் போறீரோ, ஓப்பரேசனுக்குப் போறீரோ?” என்று கேட்டார். அந்த மாதங்களில் அவர் என்னைப் பகிடி பண்ணியது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

அவருக்கு வேறு ஒரு திட்டம் இருந்தது. கோயில் திருவிழாவில் கொடியேற்ற உபயத்தை அவர் கேட்டு வாங்கியிருந்தார். வழக்கமாகச் செய்யும் குடும்பம் இந்த ஆண்டு ஒரு கலியாணத்துக்காகக் கனடா போகிறது, அதனால் கிடைத்தது. “பிள்ளைக்காகக் கேட்டனான்” என்றார். எந்தப் பிள்ளைக்காக என்று நான் கேட்கவில்லை.

இரண்டு திட்டங்களுக்கும் நடுவே ஒரு கிழமை இடைவெளி இருந்தது. பிறகு, தேரை வீதியில் இழுக்க நகரசபை அனுமதி இரண்டு கிழமை தள்ளித்தான் கிடைத்தது. தேர் தள்ளிப்போனால் கொடியும் தள்ளிப்போகும். இந்தச் சுவிஸ் நாட்டில் சுவாமி புறப்படுவதற்கும் பொலிஸ் கடதாசி வேண்டும். ஆக, எங்கள் கடற்கரைக் கிழமையும் திருவிழாக் கிழமையும் ஒன்றாகிவிட்டன.

கொடியேற்ற உபயகாரருக்குக் கையில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் பூசிய நூல். கொடி இறங்கிக் காப்பு அவிழ்க்கும்வரை அவர் மச்சம் மாமிசம் தொடக்கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. யாழ்ப்பாணத்தில் இதில் சிக்கல் இல்லை. எல்லையில் ஒரு வைரவரோ ஒரு மதகோ இருக்கும். இங்கே எங்கள் ஊர் எது?

குருக்களிடம் கேட்டேன். அவர் தர்ப்பையை முடிந்துகொண்டே சொன்னார்: “கெமைண்டதான் ஊர் எண்டு வைச்சால் ஒருத்தரும் வேலைக்குப் போகேலாது, பிள்ளை. நானே இஞ்ச வரேலாது. நான் இருக்கிறது பக்கத்துக் கெமைண்ட.” கெமைண்ட என்றால் இங்கே ஒரு நகரசபையின் எல்லை.

கோயில் செயலாளர், மாநிலம்போன்ற கன்டோன்தான் எல்லை என்றார். மடைப்பள்ளியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த அக்கா, பொழுதுபட முன்னம் திரும்பி வந்தால் எங்கே போனாலும் குற்றமில்லை என்றார். ஊரில் இருக்கும் மாமியிடம் தொலைபேசியில் கேட்டபோது, “கடல் தாண்டக் கூடாது, மோனை” என்றார். பிறகு “நீங்கள் எல்லாரும் தாண்டித்தானே போயிருக்கிறியள்” என்று தானே சொல்லிக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

என் கணவருக்கு ஐயமே இருக்கவில்லை.

“பாஸ்போட் கேக்கிற இடம்தான் எல்லை. எஃப் பெர்மிற்றோட ஒன்பது வருசம் அதைத் தாண்டாமல் இருந்தனான். எனக்குப் பழக்கம்.”

எஃப் பெர்மிற் என்றால், இங்கே தற்காலிகமாக இருக்கலாம், வெளியே போக முடியாது. அவருடைய தகப்பன் இறந்தபோதும் அவர் இங்கே பீல் நகரில் ஒரு அறைக்குள்தான் இருந்தார். ஆகவே அவர் எல்லை என்று சொன்னபோது நான் வாதாடவில்லை.

“நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போம். நான் எல்லை ஸ்டேசன் கியாசோ மட்டும் வந்து ஏத்தி விட்டிட்டுத் திரும்பிறன். வாக்குக் குடுத்தது நீர்தானே” என்றார்.

கொடி வெள்ளிக்கிழமை ஏறியது. திங்கள் காலை, நாங்கள் இருக்கும் ஷாஃப்ஹவுசனில் ரயில் ஏறினோம். நாங்கள் பீலிலிருந்து இங்கே வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. அவருடைய வேலை வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில். சூரிச்சுக்கோ கோயிலுக்கோ போவதென்றால் நெடுஞ்சாலையால் காரில் போவோம். இந்த ரயிலில் நாங்கள் சேர்ந்து போனது அதுதான் முதல் தடவை. இனியா அவருடைய கைத்தொலைபேசியைப் பறித்து, விமானப் பயண நிலையில் போட்டு, ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த கார்ட்டூன் பார்த்தாள். அவர் மடியில் ரைஸ் குக்கரை வைத்திருந்தார். அதற்குள் அரிசி, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை எல்லாம் அடைத்திருந்தேன். இத்தாலியில் பிள்ளைக்கு வயிறு குழம்பினால் குழைசாதமாவது கொடுக்கலாமே என்ற பயம்.

ரைன் அருவி யன்னலில் தெரிந்து மறைந்தது. சில நிமிடங்களில் என் கைத்தொலைபேசி அதிர்ந்தது. “ஜெர்மனிக்கு நல்வரவு” என்று தொடங்கியது செய்தி. அழைப்புக்கு இவ்வளவு, இணையத்துக்கு இவ்வளவு என்று தொடர்ந்தது.

யன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒரு சின்ன நிலையம் நிற்காமல் ஓடியது. பெயர்ப்பலகை வேறு நிறத்தில் இருந்தது. அந்தப் பாதை கொஞ்சத் தூரம் ஜெர்மனிக்குள்ளால் போய்த் திரும்பவும் சுவிஸுக்குள் வருகிறது. யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. ரயில் வேகம்கூடக் குறையவில்லை. எதிரே அவர் காப்புக் கட்டிய கையைக் குக்கர் மூடியின் மேல் வைத்தபடி கண்ணை மூடியிருந்தார். நான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

சொன்னால் என்ன ஆகும்? “அப்ப தாண்டியாச்சு, இனி என்ன, கடலுக்கே போவம்” என்பாரா? அல்லது, கார்த்திகையில் ஆஸ்பத்திரி நடையில் இருந்ததுபோல இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பாரா? அந்த உருவம் எனக்குள் இன்னும் அப்படியே இருக்கிறது. மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்றாவது தடவை அவர் விழித்து, “என்ன, தண்ணி வேணுமோ?” என்றார். ஓம் என்று வாங்கிக் குடித்தேன்.

சூரிச்சில் மாறி ஏறினோம். கொட்டார்ட் சுரங்கத்துக்குள் இருபது நிமிட இருட்டு. பக்கத்து இருக்கையில் ஒரு முதிய சுவிஸ் தம்பதியர். “வெளியே போனதும் வெயில் அடிக்கும் பார்” என்றார் கணவர். “நீங்கள் நாற்பது வருடமாக இதைச் சொல்கிறீர்கள்” என்றார் மனைவி. வெளியே மழை பெய்தது.

லுகானோவைத் தாண்டியதும் என் பயங்களை எண்ணத் தொடங்கினேன். மிலானோவில் ரயில் மாறவேண்டும். அங்கே பிள்ளையைத் தவறவிட்டால்? அலை இழுத்தால்? கொப்பியை எடுத்துக் காவலாளரின் நேரத்தைத் திரும்பவும் வாசித்தேன். கியாசோவில் ரயில் நின்றது. அவர் எழுந்து இனியாவின் உச்சியில் கொஞ்சினார். அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, மிகச் சாதாரணமாகக் கேட்டாள்:

“அப்பா வராட்டி கடலுக்குள்ள என்னை ஆர் பிடிக்கிறது? நீங்கள் பயப்பிடுவியள் எல்லோ?”

நான் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவளும் இறங்கினாள். அவர் மேடையில் நின்று, “என்னப்பா, என்ன செய்யிறீர்? ஏறும், ஏறும்!” என்று கத்தினார். கதவு மூடியது. அப்போதுதான் அவருடைய கைகள் வெறுமையாக இருப்பதைக் கண்டேன். எங்கள் ரைஸ் குக்கர் மட்டும் இத்தாலிக்குப் போய்க்கொண்டிருந்தது.

தவறவிட்ட பொருட்களுக்கான அலுவலகத்தில் ஒரு பெண் படிவம் நிரப்பினார். “உள்ளே என்ன இருக்கிறது?” என்று ஜெர்மனில் கேட்டார். அரிசியும் அரைக் கிலோ மிளகாய்த்தூளும் என்றேன். பேனையை வைத்துவிட்டு, “கடவுளே, மிலானோவில் யாராவது திறக்கப் போகிறார்கள்” என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். அந்தப் பயணத்தில் ஒன்றாகச் சிரித்த இடம் அதுதான்.

வியாழன் வரைதான் அவர் நிற்கலாம், சனிக்கிழமை தேர். ஏரிக்கரையிலாவது தங்குவோம் என்று லுகானோவுக்குத் திரும்பினோம்; அங்கே எல்லா இடமும் நிறைந்திருந்தது. பஸ் எடுத்து ஏரிக்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். ஒரு கடைக்கு மேலே அறை கிடைத்தது. பஸ் இறங்கியபோது மூடுபனிபோன்ற மழைப்புகாரில் எதிர்க்கரை தெரியவில்லை. சாம்பல் நிறத் தண்ணீர் வானம்வரை போயிருந்தது. இனியா தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள்: “இதுதான் கடலோ?”

நான் வாய் திறக்குமுன், “ஓம் குஞ்சு” என்றார் அவர்.

நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. மற்றதைச் சொல்லாத வாய் இதையும் சொல்லாமல் விட்டது.

செவ்வாய் காலை புகார் விலகியது. எதிரே மலை, மலையடியில் வீடுகள், ஒரு தேவாலயக் கோபுரம். இனியா யன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கால என்ன?”

“இத்தாலி” என்றார் அவர். அது உண்மை. அந்த இடத்தில் எதிர்க்கரை இத்தாலிதான்.

“அப்ப இது இத்தாலிக் கடற்கரையோ?”

“வேற என்ன?”

பிறகு அவரைக் குளியலறை வாசலில் மறித்து, “ஏன் பிள்ளைக்குப் பொய் சொல்லுறியள்?” என்று மெல்லக் கேட்டேன். “என்னாலதானே நீங்கள் போகேல்ல. வேற என்னத்தைக் குடுக்கிறது?” என்றார். அவருக்கும் தன்மேல் ஒரு கணக்கு இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் கணக்குப் பிழை என்று காட்டும் செய்தி என் கைப்பையில் கிடந்தது.

அவர் இனியாவைத் தண்ணீருக்குள் இறக்கி வயிற்றில் கை கொடுத்துத் தாங்கினார். நான் முழங்கால்வரை நின்றேன். அவள் முழுகி எழுந்து உதட்டை நக்கினாள்.

“உப்பில்லை.”

“இத்தாலிப் பக்கம் உப்புக் குறைவு” என்றார் அவர்.

அவள் இன்னொருமுறை முழுகினாள்.

மத்தியானம் சாப்பாடு பெரும்பாடு. ரிசோட்டோவை இறைச்சி அவித்த தண்ணீரில் செய்வார்களோ என்று அவருக்குச் சந்தேகம். பரிமாறிய இளம்பெண், “தெரியாது, சமையற்காரர் கோபக்காரர், கேட்கமாட்டேன்” என்றாள். அவர் பாணும் தக்காளியும் தின்றார். இனியா ரிசோட்டோவைக் கிளறிப் பார்த்து, “குழைசாதத்துக்குள்ள சீஸ் போட்டிருக்கினம்” என்றாள். எங்கள் குக்கர் இப்போது எங்கே என்று கேட்டாள். அது மட்டுமாவது லீவுக்குப் போகட்டும் என்றேன்.

புதன்கிழமை மிதிபடகு எடுத்தோம். வாடகைக்குக் கொடுத்த மனிதரிடம் எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது என்று அவர் கேட்டார். அந்த மனிதர் கையை நீட்டி ஏரியின் நடுவைப் பொதுவாகக் காட்டி, “அங்கே எங்கேயோ. மீன்களிடம் கேளுங்கள்” என்றார். நாங்கள் மிதித்துக்கொண்டு போனோம். கரை கொஞ்சம் தள்ளிப்போனதும் அவர் காலை எடுத்துவிட்டார்.

“காணும். திருப்புவம்.”

“இன்னும் கனதூரம் இருக்கு அப்பா” என்றாள் இனியா.

“ஆருக்குத் தெரியும்? தண்ணிக்குள்ள ஆர் வேலி போட்டது?”

 என் கண் அவர் மணிக்கட்டிலேயே நின்றது. நனைந்த நூலின் மஞ்சள் தோலில் ஊறியிருந்தது. நான் சுக்கானைப் பிடித்துப் படகைத் திருப்பினேன். மூன்று பேரும் சுவிஸை நோக்கி மிதித்தோம்.

வியாழன் காலை, பஸ் வரமுன், இனியா வெறும் தண்ணீர்ப் போத்தலொன்றைக் கொண்டு கரைக்கு ஓடினாள். நிரப்பி, மூடியை இறுக்கி, பாவாடையில் துடைத்தாள்.

“ஏன் இது?”

“தம்பிக்கு. அவனும் காணேல்லத்தானே.”

அவர் திரும்பி மலையைப் பார்த்தார். நான் பெட்டியின் சில்லைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன்.

சூரிச்சில், நேரே போகும் ரயிலை விட்டு வின்ரர்தூர் வழியாகப் போவோம் என்றேன். “ஏன் சுத்திப் போவான்?” என்றார். சனம் குறைவு என்றேன். அந்த ரயிலில்தான் நின்றுகொண்டு வந்தோம். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அந்தப் பாதை சுவிஸை விட்டு வெளியே போகாது.

தேர் நன்றாக நடந்தது. அவர் வடம் பிடித்தார். ஞாயிறு தீர்த்தம். கோயில் மண்டபத்துக்குப் பின்னால், டயர்க் கடையின் மதிலோரம், காற்றடித்த நீலப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் குழாய்த் தண்ணீர் விட்டிருந்தார்கள். குருக்கள் மந்திரம் சொல்லி அதற்குள் கங்கையையும் காவிரியையும் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலையும் கூப்பிட்டார். பிறகு எல்லோரும் அள்ளித் தலையில் தெளித்தோம். இனியா குனிந்து தொட்டியின் அடியில் இருந்த டொல்பின் படத்தைப் பார்த்தாள்.

“உண்மையா எல்லாம் இதுக்குள்ள இருக்கோ?”

“கூப்பிட்டால் வரும்” என்றார் அவர். கொடி இறங்கியதும் அவருடைய காப்பை அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்து நெடுநாளைக்குப் பிறகு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். “ஒரு குறையும் இல்லாமல் முடிஞ்சுது” என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டே எட்டு மாதமாகியிருந்தது.

திங்கள் காலை இனியா பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, நான் சமையலறையில் போத்தலைத் திறந்து இரண்டு கரண்டி உப்புப் போட்டுக் குலுக்கினேன். இவ்வளவு தூரம் வந்த பொய்யை அரைகுறையாக விட மனமில்லை. நேற்றைய தொட்டியும் மனதில் இருந்தது. பிறகு மூவரும் மயானத்துக்குப் போனோம். பிறக்க முன்னமே போன பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு புல்வெளி இருக்கிறது. பெயர்கள் இல்லை, காற்றாடிகள் இருக்கின்றன. இனியா பாதித் தண்ணீரைப் புல்லில் ஊற்றிவிட்டு மூடினாள். மிச்சம் ஏன் என்று கேட்டேன். “உங்களுக்கு” என்றாள்.

பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமை, அவளுடைய சிநேகிதி லேனா வீட்டுக்கு வந்தாள். இருவரும் பல்கனியில் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சுவிஸ் ஜெர்மனில் கதைத்தார்கள். அது எனக்கு ஓடாது என்று இனியா நினைக்கிறாள். பேசத்தான் வராது, விளங்கும்.

“நீ கடலுக்குப் போனாயா?” என்று கேட்டாள் லேனா.

“இல்லை, லுகானோ ஏரிக்கு. பஸ் நிறுத்தத்தில் எழுதியிருந்தது.”

“கடல் என்று வகுப்பில் சொன்னாயே.”

“அம்மாவுக்கு அது கடலாக இருக்க வேண்டும். அவர் போத்தலுக்குள் உப்பும் போட்டார், நான் கண்டேன்.”

“ஏன் நீ சொல்லவில்லை?”

“சொன்னால் அவர் கவலைப்படுவார். நீயும் சொல்லாதே.”

பிறகு நீலப் பென்சிலை யார் வைத்திருப்பது என்று சண்டை பிடித்தார்கள்.

அவளுக்கு அப்படி மறைக்க நான் கற்றுக்கொடுக்கவில்லை. அப்படித்தான் இதை எழுதத் தொடங்கும்வரை நினைத்திருந்தேன்.

இலையுதிர்கால விடுமுறைக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. இந்தமுறை அவர் கையில் காப்பு இல்லை, எங்கேயும் வரலாம். கொப்பியைத் திரும்பவும் திறந்திருக்கிறேன். ஆனால் கடலுக்கு முன்னால் போய் நிற்கும்போது, இதுதான் முதல் தடவை என்று இனியாவிடம் எப்படிச் சொல்வது? அல்லது இது இரண்டாவது தடவை என்று மூவரும் சேர்ந்து நடிக்க, அவளும் உதட்டை நக்கிவிட்டு, “இந்தப் பக்கம் உப்புக் கூட” என்று எனக்காகச் சொல்வாளா? அவருக்கு ஜெர்மனிச் செய்தியைக் காட்டினால், முடிந்துபோன திருவிழா அவருக்கு முடியாமல் போய்விடுமா? அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

வாசிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், காப்புக் கட்டியவர்களும் இருப்பீர்கள். யாரிடம் முதலில் சொல்வது, அல்லது யாரிடமுமே சொல்லாமல் விடுவதா என்று எனக்கு எழுதுங்கள். நீந்தத் தெரியாத ஒருத்தி பிள்ளையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவில் நிற்கக்கூடிய கரை ஏதும் லிகுரியாப் பக்கம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அந்தப் பாதிப் போத்தல் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் பாலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒவ்வொரு காலையும் பால் எடுக்கும்போது இனியா அதை ஒருமுறை பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள்.